துணை விமானியின் சொல்லும் அம்பலம் ஏற வேண்டும்

2015 ஆகஸ்ட் 18. முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெருமையைக் கொச்சி நெடும்பாசேரி கொண்டாடிய நாள். அதே நாளில் தோகாவிலிருந்து வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம், ஓடுபாதை கண்ணுக்குத் தட்டுப்படாமல் கொச்சியில் மூன்று முறை இறங்கப் பார்த்து மேலெழுந்தது. திருவனந்தபுரத்துக்குப் போனது, அங்கும் மூன்று முறை முடியவில்லை. ஏழாவது முயற்சியில் தரை தொட்டபோது மிச்சமிருந்த எரிபொருள் 349 கிலோ. அரை மணி நேரம் பறப்பதற்கான கையிருப்பில் கைவைக்காமல் இறங்க வேண்டும் என்பது விதி. அந்தக் கையிருப்பின் பெரும்பகுதி அதற்குள் கரைந்துவிட்டிருந்தது.

மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் வளைகுடாவில் ஒருவராவது வேலை பார்க்காத தெரு அரிது. மழைக்காலத்தில் ஊர் திரும்பும் தம் பிள்ளைகளுக்காக அந்தக் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உயரமோ வேகமோ தப்பும்போது அதைக் கவனித்துவிட்ட இளையவர் சொன்னால், மூத்தவர் கேட்கிறாரா?

கேட்கவில்லை என்பதற்கு 2010 மே 22 சாட்சி. இறங்கும் விமானம் ஓடுபாதைக்கு ஒரு கடல் மைல் தொலைவில் சுமார் 300 அடி உயரத்தில் இருக்க வேண்டும். மூன்று மைல் என்றால் 900 அடி. துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானமோ, இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் வந்துகொண்டிருந்தது. கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியதைக் காக்பிட் ஒலிப்பதிவின் குறட்டைச் சத்தம் காட்டிக்கொடுத்தது. இறங்காமல் மேலெழும்படி, ‘கோ அரவுண்ட்’ என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் விடாமல் கத்தியது. 8,033 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடியைத் தாண்டித்தான் சக்கரம் தரை தொட்டது. 158 பேர் மாண்டனர்.

பத்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் இறங்க வந்த விமானத்திலும் அதே கதை. கொட்டும் மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று, முதல் முயற்சியிலேயே கேப்டன் பக்கம் நின்றுபோன வைப்பர். விமானம் தரை தொடாமல் ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போனது. துணை விமானி முதலில், கொஞ்சம் பாருங்கள் என்ற தோரணையில் விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சொன்னார். பிறகு தயங்கிய குரலில் ‘கேப்டன்’ என்று அழைத்தார். அதன் பிறகே ‘கோ அரவுண்ட்’ வந்தது. அந்தச் சொல் வந்தால் மேலெழுந்தே ஆக வேண்டும். கேப்டன் எழவில்லை, துணை விமானியும் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர். காக்பிட்டில் நிலவிய செங்குத்தான அதிகார ஏற்றத்தாழ்வைப் புலனாய்வு அறிக்கையே சுட்டிக்காட்டியது.

இரண்டு விபத்துக்குப் பிறகும் பேச்செல்லாம் குன்றின் மேல் அமைந்த ஓடுபாதையைப் பற்றியே இருந்தது. ஓடுபாதையை நீட்டுவது நல்லதுதான். ஆனால் இருக்கிற பாதையில் பாதியைத் தாண்டி இறங்குகிறவருக்கு எத்தனை அடி கூட்டிக் கொடுப்பது?

சொல்லாமல் விடுவதும் இதே அளவுக்கு ஆபத்து. 1978 நவம்பரில் கொழும்பு கட்டுநாயக்காவில் இறங்க வந்த ஐஸ்லாந்து விமானம் ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோப்பில் விழுந்து 183 பேர் இறந்தனர். துணை விமானி உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் உரக்கச் சொல்லத் தவறினார் என்றது இலங்கை விசாரணை. தரைக்கருவிகள் மீது குற்றம் சாட்டியது ஐஸ்லாந்து. 2022 மே மாதம் பாரிஸில் இறங்க வந்த ஒரு விமானத்துக்குக் காற்றழுத்த அளவை 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்று கட்டுப்பாட்டாளர் சொல்லிவிட்டார். விமானிகளும் அதையே திருப்பிச் சொன்னார்கள். உயரமானி சுமார் 280 அடி கூடுதலாகக் காட்ட, விமானம் ஓடுபாதைக்கு முன்பே தரையிலிருந்து வெறும் 6 அடி வரை தாழ்ந்துபோய் எழுந்தது. பதிவுசெய்து ஒலிபரப்பாகும் வானிலைத் தகவலோடு ஒருவர் ஒப்பிட்டிருந்தாலே பிழை பிடிபட்டிருக்கும்.

காக்பிட்டில் இரண்டு தலைமை கூடாது என்று மூத்த விமானிகள் சிலர் வாதிடலாம். விமானத்துக்குக் கேப்டனே பொறுப்பு என்பதில் நமக்கும் மாறுபாடில்லை. ஆனால் மேலெழுந்து சுற்றி வந்தால் செலவாவது சில நிமிடமும் கொஞ்சம் எரிபொருளும்தான். யார் சரி என்ற வாதத்தைத் தரையில் வைத்துக்கொள்ளலாம்.

விதி இல்லாமலில்லை, அது ஏட்டுச் சுரைக்காயாகக் கிடப்பதுதான் குறை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் நடக்கும் தேர்வில், கேப்டன் காதில் வாங்காதபோது துணை விமானி கட்டுப்பாட்டை எடுக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். அதில் தவறுகிறவர் தேறக் கூடாது. மேலெழுந்ததற்காக எந்த விமானியிடமும் நிர்வாகம் விளக்கம் கேட்கக் கூடாது. 2015 சம்பவம் கற்பித்தபடி, எவ்வளவு எரிபொருள் மிஞ்சும்போது எந்த ஊருக்குத் திரும்புவது என்பதை இறங்கத் தொடங்குமுன் இருவரும் வாய்விட்டுப் பேசி முடிக்க வேண்டும். உயரமும் வேகமும் நிலைப்படாத இறக்கங்களில் எத்தனை கைவிடப்பட்டன, எத்தனை தொடரப்பட்டன என்ற கணக்கை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் இதற்கான உத்தரவு வர வேண்டும், கேரள எம்.பி.க்கள் கட்சி பாராமல் நாடாளுமன்றத்தில் இதை வலியுறுத்த வேண்டும்.