கறுப்புப் பூ கொலம்பைன்... விதை போட்டால் நிறம் மாறுவது ஏன்?

‘‘வீட்டுத் தோட்டத்துப் பூம்பாத்தி ஓரத்தில் கறுப்பு நிற கொலம்பைன் பூச்செடி வைத்திருக்கிறேன். அதன் விதை விழுந்து முளைத்த செடிகளில் சில, வெளிர் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூத்துவிட்டன. மீதி நாற்றுகளைக் ‘கறுப்புப் பூ’ என்று விற்கலாமா?’’

- வாசகர், உதகமண்டலம்.

பூக்கும் முன் அப்படிச் சொல்லி விற்க வேண்டாம். கொலம்பைனில் அயல் மகரந்தச் சேர்க்கை மிக எளிதாக நடக்கும். பக்கத்தில் வேறு நிறச் செடி இருந்தால், தேனீக்கள் கலந்துவிடும். அந்தக் கலப்பு, தாய்ச்செடியின் பூவில் தெரியாது. அடுத்த தலைமுறையில்தான் தெரியும். வாங்கியவர் தோட்டத்தில் இளஞ்சிவப்பு பூத்தால், உங்கள் மற்ற நாற்றுகளையும் நம்ப மாட்டார்.

இதன் நிறம் உண்மையில் கறுப்பு அல்ல, அடர் ஊதா. ‘பிளாக் பார்லோ’ அடுக்குப்பூ ரகம். ‘வில்லியம் கின்னஸ்’ ரகத்தில் உள் இதழ்களின் விளிம்பு வெள்ளையாக இருக்கும்.

நிறத்தைக் காப்பாற்ற, நல்ல அடர் நிறச் செடிகளை மட்டும் தாய்ச்செடியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நிறச் செடிகளை மொட்டில் நிறம் தெரிந்ததுமே பிடுங்கிவிடுங்கள். விதைக்கான மொட்டுகளை, விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடுங்கள். பூத்ததும், அதே செடியின் வேறொரு பூவிலிருந்து தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, மீண்டும் மூடுங்கள். மற்ற பூக்களை வாடியதும் நறுக்கிவிட்டால், தானாக விதை சிதறாது.

முற்றிய விதையை ஈரமான தேங்காய் நார்க்கழிவில் கலந்து, 3 முதல் 4 வாரம் குளிர்சாதனப் பெட்டியில் (உறைய வைக்கும் பகுதியில் அல்ல) வையுங்கள். பிறகு குழித்தட்டில் தூவி, லேசாக அழுத்தினால் போதும். முளைக்க வெளிச்சம் தேவை என்பதால், மண் போட்டு மூட வேண்டாம். ஆணிவேர் உள்ள செடி என்பதால், இளம் நாற்றாக இருக்கும்போதே நட்டுவிடுங்கள். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும்.

நடவுக்கு மக்கிய தொழுவுரம் கலந்த, தண்ணீர் தேங்காத மண்ணும் அரை நிழலும் ஏற்றவை. செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். அடர் நிறப் பூ, நிழலில் எடுபடாது. பின்னால் வெள்ளைச் சுவரோ, வெளிர் இலைச் செடியோ இருந்தால் பளிச்சென்று தெரியும். இலையில் வெள்ளைக் கோடுகள் நெளிந்தால், அது இலைத்துளைப்பான் புழு. அந்த இலைகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள்.

செடி மூன்று, நான்கு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும் என்பதால், ஆண்டுதோறும் புது நாற்று தயார் செய்யுங்கள். விதையிலும் வேரிலும் நச்சு உண்டு. குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமவெளி வாசகர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டாம். குளிர் கிடைக்காவிட்டால், இந்தச் செடி சரியாகப் பூக்காது.