ஹைதராபாத் குளிரில் முரண்டு பிடிக்கும் லாரி

சேலத்தில் ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் புறப்படும் லாரி, பெங்களூர், அனந்தபூர், கர்நூல் வழியாக ஹைதராபாத்தைத் தொடும்போது பாதிக்கு மேல் பயணம் முடிந்திருக்கும். ஒரு காலத்தில் தேசிய நெடுஞ்சாலை 7 என்று டிரைவர்களுக்குப் பழகிய சாலை இது. 2010இல் எண்களை மாற்றியபின் 44 ஆகிவிட்டது. நகருக்கு வெளியே வண்டியை ஓரங்கட்டிவிட்டு டிரைவரும் கிளீனரும் தூங்குகிறார்கள். ஜனவரி விடியலில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, முனகுகிறது, பற்ற மறுக்கிறது. சேலத்தில் ஒரே திருகலில் உறுமிய அதே வண்டிதான்.

'குளிர்' என்று டிரைவர் முடிவு கட்டிவிடுகிறார். அது பாதி உண்மை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஹைதராபாத் 540 மீட்டர். தக்காணத்தின் ஜனவரி இரவுகளில் வெப்பம் 15 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். சில நாட்களில் 10 டிகிரிக்குக் கீழேயும் போகும். ஆனால் நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சினுக்கு இது ஒரு குளிரே அல்ல. வண்டியில் ஏற்கெனவே இருந்த கோளாறை, வெப்பமான ஊரில் மறைந்திருந்ததை, இந்தக் குளிர் வெளியே கொண்டுவருகிறது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கப்படுகிறது. நெருக்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆக, எஞ்சின் கிளம்ப மூன்று தேவை: போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், டீசல் வந்து சேர வேண்டும், காற்று கசியாமல் நெருக்கப்பட வேண்டும். டாட்டா 1210, லேலண்ட் காமெட் காலத்து வண்டிகளில் இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். கண்ணும் காதும் போதும்.

முதலில் சைலன்ஸரைப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை என்று அர்த்தம். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறதோ, கம்ப்ரஷன் குறைந்துவிட்டதோ, டைமிங் தவறியிருக்கிறதோ என்று பார்க்க வேண்டும். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பது நல்லது.

அடுத்து பேட்டரி. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சேர்ந்துதான் 24 வோல்ட். குளிரில் பேட்டரியின் சக்தி குறைகிறது. எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு சுமையும் கூடுகிறது. பேட்டரி புதிதாக இருந்தும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால், சாவியை விட்டபின் பேட்டரி முனைகளையும் எர்த் கம்பி முனையையும் தொட்டுப் பார்க்கலாம். சுடுகிற இடத்தில்தான் இணைப்பு மோசம். வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கினால் போதும். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

பழைய லாரிகளில் அதிகம் ஏமாற்றுவது டீசல் பாதை. டாங்க் கீழே இருக்கிறது; எஞ்சினில் உள்ள ஃபீட் பம்ப் அதிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. இந்தப் பாதையில் ஓட்டை விழுந்தால் பல நேரங்களில் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் ஈரம் தெரியாது. வெடித்த ரப்பர் ஹோஸ், நசுங்கிப்போன செம்பு வாஷர், தளர்ந்த நட்டு எதுவும் காரணமாகலாம். வண்டி ராத்திரி முழுக்க நிற்கும்போது காற்று புகுந்து, டீசல் மெல்ல டாங்குக்கே திரும்பிவிடுகிறது. காலையில் பத்து முறை செல்ஃப் அடித்தபின் கிளம்பும் வண்டி, அதன்பின் நாள் முழுக்கத் தொட்டதும் ஸ்டார்ட் ஆவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. மறுநாள் காலை சாவியைத் தொடுமுன் ஃபீட் பம்பில் உள்ள கை பம்பை இருபது, முப்பது தடவை அடிக்க வேண்டும். உடனே எஞ்சின் பிடித்துக்கொண்டால் கோளாறு டீசல் பாதையில். ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை பம்ப் அடித்து இறுக்கினால் அன்றைய பயணம் நடக்கும். ஓட்டையை அடைக்காதவரை மறுநாளும் அதே கதைதான். எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் டீசலைத் தடுப்பதும் உண்டு. அதையும் ஒரு முறை கையால் தள்ளிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் பார்க்காமல் நேராக பம்பைக் கழற்றுவதுதான் ஊர் வழக்கம். விஜயவாடா சாலையில் உள்ள ஆட்டோநகராக இருந்தாலும் நாமக்கல்லாக இருந்தாலும், ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் மைக்கோ பம்ப்பின் மேல்தான் பழி விழுகிறது. பம்ப் காலிபரேஷனுக்குப் போகிறது, நாசில்கள் மாறுகின்றன, ஆயிரக்கணக்கில் பில் வருகிறது. திரும்ப மாட்டும்போது புது வாஷர்கள் போட்டு இறுக்குவதால் வண்டியும் கிளம்பிவிடுகிறது. முதலாளி பம்ப்தான் காரணம் என்று நம்புகிறார். சில ரூபாய் வாஷர் செய்த வேலை யாருக்கும் தெரிவதில்லை.

நாட்டின் லாரிகளில் பெரும்பகுதி, ஐந்து வண்டிகளுக்கு மேல் இல்லாத சிறு முதலாளிகளின் கையில் இருக்கிறது. கடன் தவணை, டயர், இன்ஷூரன்ஸ், எட்டு வருடம் கடந்த வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. இதற்கு மேல் தேவையற்ற பம்ப் செலவும் இரண்டு நாள் தாமதமும் சேர்ந்தால் அந்த நடையின் லாபம் போய்விடும். டிரைவர் வண்டியைச் சரியாகப் பார்க்கவில்லை என்ற பேச்சும் வரும்.

அவசரத்தில் டிரைவர்கள் செய்யும் வைத்தியம் இன்னும் ஆபத்தானது. பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் காட்டுவதும், ஈதர் ஸ்ப்ரே அடிப்பதும் எஞ்சினைக் கிளப்பிவிடலாம். ஆனால் நேரம் தவறிய வெடிப்பில் பிஸ்டன் ரிங் உடையும். துணியைப் பிடித்தவர் முகமும் கருகலாம். டீசல் வருகிறதா என்று நாசிலின் முன் கை நீட்டுவது அதைவிட மோசம். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரலாம்.

இணைப்பும் டீசல் பாதையும் சரியாக இருந்து, வெள்ளைப் புகை மட்டும் தொடர்ந்து, ஆயிலும் சீக்கிரம் குறைந்து, பிரீதர் குழாயில் புகை தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு சாலையோரத்தில் மருந்து இல்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் ஒரு ஸ்பானரும் ஒரு துண்டு ஹோஸும் இரண்டு வாஷர்களும் முயற்சி செய்யப்பட்டிருக்க வேண்டும். நாக்பூர் இன்னும் 500 கிலோமீட்டர்.