உளி பிடித்த கையும் படித்த கைதான்!



எங்கள் குடும்பத்தில் படிப்பு என்று வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா தச்சர். "நீயாவது உளி பிடிக்காம பொழைச்சுக்கோடா" என்றுதான் டிப்ளமோவில் சேர்த்துவிட்டார். அந்தப் பாசத்தை மதிக்கிறேன். கருத்தை ஏற்க மனம் மறுக்கிறது. கைவேலையிலிருந்து தப்பிக்கத்தான் படிப்பா?

நம் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஒரே அளவில் ஆயிரம் பாகம் செய்வதுதான் பெருமை. அது பெரிய திறமைதான். ஆனால் மரம் அப்படியல்ல. ஒரு துண்டைப் போல இன்னொன்று இருக்காது.

கிட்டாரையே பாருங்கள். தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்றால் முதல் மெட்டு சுமார் 36.5 மில்லிமீட்டரில் வரும். இது கணக்கு; கால்குலேட்டர் போதும். ஆனால் மேல்பலகையை எவ்வளவு இழைப்பது? தேர்ந்த கைவினைஞர் விரலால் தட்டிக் கேட்டு, லேசாக வளைத்துப் பார்த்துத்தான் இழைப்புளியைக் கீழே வைக்கிறார். அதைப் புத்தகம் முழுசாகச் சொல்லித் தராது. பக்கத்தில் நின்றுதான் பழகணும்.

கிட்டாருக்கு எங்கேயோ போக வேண்டாம். நம் தஞ்சாவூர் வீணையே இருக்கிறது. பலா மரம், 7 தந்தி, 24 மெட்டு. கிட்டாரில் மெட்டை மரத்தில் பதித்துவிட்டால் முடிந்தது. வீணையில் மெழுகின் மேல் வைத்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டு இடம் பிடிக்க வைக்கிறார்கள். அந்தக் காது எத்தனை வருஷப் படிப்பு!

2013இல் தஞ்சாவூர் வீணைக்கும், 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி! ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், சீடனைக் கொண்டுவருமா?

"பட்டறையில உட்கார்ந்தா வயிறு நிறையுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கம்பெனிக்குப் போனால் முதல் மாசமே காசு. வீட்டில் கடன் இருக்கிறவனிடம் "கலையைக் காப்பாற்று" என்று உபதேசம் செய்வது அநியாயம். தொழிற்சாலையில் பழகுகிறவனுக்கு 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகை உண்டு. ஆசாரியிடம் வீணை பழகுகிற பையன் கைக்கும் அதுபோல் ஒரு தொகை வந்து சேரட்டும்.

சிற்பக்கலையைக் கல்லூரிப் படிப்பாக்கி மாமல்லபுரத்தில் வழி காட்டிவிட்டார்கள். பாலிடெக்னிக்கில் செய்ய முடியாதா? இறுதியாண்டு புராஜெக்ட்டை ஒரு வீணைப் பட்டறையில் செய்ய விரும்பும் மாணவனுக்கு அனுமதி கொடுங்கள். அவன் மரத்தின் ஈரத்தை அளக்கட்டும், குடத்தின் கனத்தைக் குறித்து வைக்கட்டும், வேலையை எளிதாக்கும் ஜிக் ஒன்று செய்து கொடுக்கட்டும். பதிலுக்கு ஆசாரி அவனுக்குக் கேட்கக் கற்றுக் கொடுப்பார். இருவருக்கும் லாபம்!

எல்லோரும் வீணை செய்ய வேண்டியதில்லை. ஆசைப்படுகிற ஒருவனுக்காவது கதவு திறந்திருக்க வேண்டும். வெர்னியரால் அளக்க முடியாததையும் அளக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்ப் பழகுவோம்!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை