அரிசியா, சோறா?

தமிழில் அரிசி வேறு, சோறு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுமே 'ரைஸ்'தான். கைபேசியில் உணவுக் கணக்கு வைக்கும் நம்மவர்கள் இடறி விழுவது இங்கேதான். சமைக்காத வெள்ளையரிசி 100 கிராமில் சுமார் 360 கலோரி உண்டு. வெந்து தண்ணீரை உறிஞ்சிய பிறகு, 100 கிராம் சோற்றில் இருப்பது சுமார் 130தான். 200 கிராம் சோறு தின்ற பிள்ளை தவறான வரியைத் தொட்டால், 260க்குப் பதிலாக 720 விழும். மெலிய நினைப்பவள் அதைப் பார்த்துப் பயந்து இராச்சாப்பாட்டை விட்டுவிடுவாள்.

நீரிழிவுள்ள வாப்பாமாருக்கு இது மறுபக்கமாக நடக்கும். 'ஒரு கோப்பை' என்று பதிவார்கள். செயலியின் கோப்பை கொள்வது 240 மில்லிலீற்றர் அளவு. அவர்களுடைய பீங்கானில் இருப்பதோ மலை!

கோப்பையை விட்டுவிட்டுக் கிராமில் பதிய வேண்டும் என்பதே என் கட்சி. தினமும் தராசு தேவையில்லை. வீட்டு அகப்பையில் ஒரு அகப்பைச் சோறு எத்தனை கிராம் என்று ஒருநாள் நிறுத்துப் பார்த்தால் போதும். எண்ணெயை யாரும் பதிவதேயில்லை. ஒரு மேசைக்கரண்டியே ஏறக்குறைய 120 கலோரி.

ஸஹனில் மட்டும் இந்தக் கணக்கு சரிவராது. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும்போது, பக்கத்து மாமி நம் பக்கம் தள்ளிவிடும் இறைச்சித் துண்டை எங்கே பதிவது? அன்றைய கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஊகித்து ஓர் எண்ணைப் போட்டு, அதை நம்பி மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம். வாப்பாவின் சாப்பாட்டு அளவை மட்டும் கிளினிக்கில் கேட்டே முடிவு செய்யுங்கள்.