கட்டணத்துக்கு ஒரே இந்தியா, உதவித்தொகைக்கு மூன்று

நாமக்கல் 2024-இல் மாநகராட்சி ஆனது. ஆனாலும் பரமத்தி சாலையிலோ மோகனூர் சாலையிலோ ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிளாக, அதாவது சி.ஏ. பயிற்சி மாணவராகச் சேரும் பிள்ளைக்கு முதல் ஆண்டில் மாதம் 2,000 ரூபாய் கொடுத்தால் விதிப்படி போதும். அதே பிள்ளை சேலத்தில் சேர்ந்தால் 3,000. சென்னையில் சேர்ந்தால் 4,000. படிக்கும் பாடமும் எழுதும் தேர்வும் மாறுவதில்லை. ஊர் மட்டும் மாறுகிறது, ஊரோடு சம்பளமும் மாறுகிறது.

இந்த அட்டவணையை எழுதியவர்கள் டெல்லியில், பட்டயக் கணக்காளர் இன்ஸ்டிடியூட்டின் கவுன்சிலில் இருக்கிறார்கள். 2023 ஜூலை 1 முதல் புதிய பாடத்திட்டம் வந்தபோது மூன்றாண்டுப் பயிற்சியை இரண்டாண்டாகக் குறைத்தார்கள், உதவித்தொகையை இரட்டிப்பாக்கினார்கள். இரட்டிப்பு என்றதும் கைதட்டல். இரண்டால் பெருக்கினால் ஏற்றத்தாழ்வும் இரண்டால் பெருகும் என்பதைக் கணக்குப் படிக்கிற பிள்ளைகளிடம்கூட யாரும் சொல்லவில்லை. முன்பு சென்னைக்கும் நாமக்கல்லுக்கும் முதலாண்டில் இருந்த வித்தியாசம் மாதம் 1,000 ரூபாய். இப்போது 2,000.

ஊரை எப்படிப் பிரிக்கிறார்கள்? மக்கள்தொகையை வைத்து. 20 லட்சமும் அதற்கு மேலும் ஒரு பிரிவு, 4 லட்சம் முதல் 20 லட்சத்துக்குள் ஒரு பிரிவு, 4 லட்சத்துக்குக் கீழே ஒரு பிரிவு. கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும் என்பது விதி. கடைசியாக வெளியானது 2011-ஆம் ஆண்டுக்கானது. அதன்பின் 2025 வரை நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. சேலம் மாநகராட்சிக்கு அன்று 8.29 லட்சம் பேர். நாமக்கல் நகராட்சிக்கு 55 ஆயிரம். ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம், ஆத்தூர், மேட்டூர் எல்லாம் கடைசிப் பிரிவு. மாநகராட்சி எல்லையை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் முதல் பிரிவுக்குள் நுழையும் ஒரே ஊர் சென்னைதான். கோவையும் மதுரையும்கூட வெளியே நிற்கின்றன. 2011-இல் வீடு வீடாக எடுத்த எண்ணிக்கையை வைத்து இன்றைக்குப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குச் சம்பளம் முடிவாகிறது. கணக்கெடுப்பு நடந்தபோது அந்தப் பிள்ளை சிறு குழந்தை.

சரி, சிறிய ஊரில் செலவு குறைவு, அதனால் தொகையும் குறைவு என்று ஒரு வாதம் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் அந்த வாதம் செலவுப் பக்கத்திலும் செல்ல வேண்டும் அல்லவா? சி.ஏ. இன்டர் தேர்வின் இரண்டு குரூப்புக்கும் பதிவுக் கட்டணம் 18,000 ரூபாய். ஃபைனலுக்கு 22,000. இரண்டையும் வசூலிப்பது உதவித்தொகையை நிர்ணயித்த அதே இன்ஸ்டிடியூட். இந்தக் கட்டணத்துக்கு மக்கள்தொகைப் பிரிவு கிடையாது. மும்பை நாரிமன் பாயின்டில் இருந்து கட்டினாலும் 22,000, நாமக்கல் பக்கத்து எருமப்பட்டியில் இருந்து கட்டினாலும் 22,000. இரண்டாயிரம் கொடுக்கும்போது நாமக்கல் சின்ன ஊர். இருபத்திரண்டாயிரம் வாங்கும்போது நாமக்கல் மும்பை.

கூட்டிப் பார்ப்போம். கடைசிப் பிரிவில் முதலாண்டு மாதம் 2,000, இரண்டாமாண்டு 3,000. இரண்டாண்டுக்கும் சேர்த்து 60,000 ரூபாய். சேலத்தில் 84,000, சென்னையில் 1,08,000. நாமக்கல் பிள்ளையின் 60,000-இல் பதிவுக் கட்டணங்கள் இரண்டுக்கும் 40,000 போனால் மிச்சம் 20,000. இருபத்துநான்கு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 833 ரூபாய். தேர்வுக் கட்டணம் தனி. கோச்சிங் வகுப்பும் புத்தகமும் தனி. இதோடும் முடியவில்லை. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுதலாம் என்பது புதிய திட்டத்தின் விதி. அந்த ஆறு மாதத்துக்கு உதவித்தொகை எதுவும் இல்லை. ஆக இரண்டரை ஆண்டு வாழ்க்கைக்கு இன்ஸ்டிடியூட் குறித்திருக்கும் தொகை, அதன் சொந்தக் கட்டணம் போக, 20,000 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2024-25 நிதியாண்டில் அறிவித்த நாள்கூலி 319 ரூபாய். ஏழு நாள் போனால் 2,233 கிடைத்தது. இன்டர் இரண்டு குரூப்பையும் தேறி வந்தவருக்கு மாதம் முழுக்க உட்கார்ந்தால் 2,000. நூறு நாள் கூலி அதிகம் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. அதுவே போதாது என்பதுதான் இந்த நாளிதழின் பழைய நிலைப்பாடு.

ராசிபுரத்தில் இருந்து சேலத்துக்கோ, சேந்தமங்கலத்தில் இருந்து நாமக்கல்லுக்கோ தினமும் வந்து போகும் பெண்பிள்ளைகள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்கான விடியல் பயணத் திட்டத்தில் செலவில்லாமல் வந்துவிடுகிறார்கள். டெல்லி கவுன்சிலின் அட்டவணைக்குத் தமிழக அரசு கொடுக்கும் மானியம் என்று இதைச் சொல்லலாம். ஆண்பிள்ளைக்கு அதுவும் இல்லை.

இந்தத் தொகைக்கு என்ன வேலை நடக்கிறது என்பது டெல்லியில் தெரிந்திருக்க வேண்டியதில்லை, இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பத்து லாரி வரை வைத்திருக்கிறவர் வருமான வரிக்கு உத்தேச வருமானம் காட்டி முடித்துக்கொள்ளலாம். பதினொன்றாவது வண்டி வாங்கிய மறுவருடம் டீசல் பில், டோல் ரசீது, டயர் ரீட்ரெடிங், டிரைவர் பேட்டா என்று சாக்கு மூட்டையில் கட்டி ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்புவார். அதைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்குவது ஆர்ட்டிகிள். கோழிப்பண்ணைக் கணக்கென்றால் மக்காச்சோளம், சோயா கொள்முதல், செத்த கோழி எண்ணிக்கை, வயதான முட்டைக்கோழியை விற்ற வரவு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி மத்தியப் பிரதேசத்தில் துளை போட்டுவிட்டு இந்தியில் பில் அனுப்பும். பள்ளிபாளையம் தறி, ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலை, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு மரபு உண்டு. செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் நெருங்கினால் இரவு ஒன்பதுக்கு முன் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். 2024 செப்டம்பரில் கடைசி நேரத்தில் ஏழு நாள் நீட்டிப்பு வந்தது. அந்த ஏழு நாளும் இரவு வேலையாகத்தான் கழிந்தது. நாமக்கல் மண்டலத்தில் முட்டைக்குக்கூட வாரத்தில் பலமுறை விலை திருத்துகிறார்கள்; இந்த வேலைக்கான தொகையை அப்படி யாரும் திருத்துவதில்லை.

உள்ளூர் ஆடிட்டர்களை இந்த விஷயத்தில் முழுக் குற்றவாளியாக்க முடியாது. அட்டவணை சொல்வது குறைந்தபட்சம்தான். மேலே கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்சிக்காரர்களும் கட்டணத்தில் பேரம் பேசாமல் விடுவதில்லை. ஆனால் குறைந்தபட்சம் என்று ஒன்றை எழுதி வைத்துவிட்டால் அதுவே வழக்கமான தொகையாகிவிடும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. அவர்களும் ஒரு காலத்தில் ஆர்ட்டிகிளாக இருந்தவர்கள்தானே.

இந்த அட்டவணையின் விளைவு எங்கே முடிகிறது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இன்டர் முடித்த கையோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயிலேறுகிறது. டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி என்ற நான்கு பெரிய பெயர்களில் ஒன்று, கிடைக்காவிட்டால் அடுத்த வரிசை ஃபர்ம். அங்கே குறைந்தபட்சத்தைவிட நல்ல தொகை கிடைக்கிறது என்பது உண்மை. அதற்குப் பதிலாக அவர்கள் எடுத்துக்கொள்வது பிள்ளையின் இரவுகளை. பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் ஆண்டு முடிவு 60 நாளுக்குள் வெளிவர வேண்டும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் பகலில் கட்சிக்காரர் ஆபீஸ், சாயங்காலம் சீனியர் அனுப்பும் ரிவியூ குறிப்புகள், அதற்குப் பதில் எழுதி முடிக்கும்போது நள்ளிரவு. மார்ச் 31 அன்று ஏதோ ஒரு தொழிற்பேட்டைக் கிடங்கில் ஸ்டாக் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். ஆர்ட்டிகிளுக்கு வாரம் 35 மணி நேரம் என்று இன்ஸ்டிடியூட்டின் விதி சொல்கிறது. அந்த எண்ணை ஒரு பெரிய ஃபர்மின் பிஸி சீசனில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். பிடிக்கவில்லை என்று பிரின்சிபலை, அதாவது பயிற்சி தரும் ஆடிட்டரை, மாற்றிக்கொள்வதும் எளிதல்ல. காரணம் காட்டி, படிவம் நிரப்பி, அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தருவதும் அதே இன்ஸ்டிடியூட்.

2024 ஜூலையில் புனேயில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஈஒய் நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயது சி.ஏ. ஒருவர் இறந்தார். மகளுக்குத் தாங்க முடியாத வேலை கொடுத்தார்கள் என்று தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடெங்கும் பரவியது. வேலைப்பளு உயிரைப் பறித்திருக்கும் என்று தாங்கள் நம்பவில்லை என்பது நிறுவனத் தரப்பு. மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை போய்ப் பார்த்தபோது, அந்த அலுவலகம் 2007 முதல் மாநிலக் கடைகள் சட்டத்தில் பதிவே செய்யாமல் இயங்கியது தெரியவந்தது. ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற தொழில் இது! அதற்குப் பிறகும் 35 மணி நேர விதியை யார் கண்காணிப்பது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. 2025 தொடக்கம் வரை உதவித்தொகை அட்டவணையில் ஒரு வரி மாறவில்லை. உள்ளூரில் மரியாதையான தொகை கிடைத்தால் உள்ளூரிலேயே இருந்திருக்கக்கூடிய பிள்ளைகளை அந்த இரவுகளுக்கு அனுப்பிவைப்பதில் இந்த அட்டவணைக்குப் பங்கு இருக்கிறது.

இந்தக் கவுன்சிலிடம் இதைவிட நல்ல முடிவை எதிர்பார்த்தது நம் தவறோ என்னவோ. 2025 ஜனவரியில் நடந்ததையே பாருங்கள். பொங்கலன்று, ஜனவரி 14-ஆம் தேதி, சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு வைத்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரை எதிர்ப்பு எழுந்த பிறகு அந்தத் தேர்வைத் தள்ளினார்கள். எங்கே தள்ளினார்கள்? 16-ஆம் தேதி காணும் பொங்கலன்று ஃபவுண்டேஷன் பிள்ளைகள் தேர்வு மையத்தில் இருந்தார்கள். இன்டர் பிள்ளைகளுக்குப் போகியன்று ஒரு தாள், 15-ஆம் தேதி மாட்டுப் பொங்கலன்று ஒரு தாள். கொல்லிமலை அடிவாரத்தில் பட்டிப் பொங்கல் வைக்கிற வீட்டுப் பிள்ளை அன்று கையில் கால்குலேட்டரோடு பேருந்துக்கு நின்றது. தமிழ்நாட்டு நாட்காட்டி ஒன்றை வாங்கி மாட்ட ஒரு தேர்வுக் கட்டணத்தின் சில்லறை போதும்.

2020 நினைவிருக்கிறதா? மே மாதத் தேர்வு ஜூனுக்குப் போனது, ஜூனில் இருந்து ஜூலைக்குப் போனது. கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, வர விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு சொன்னார்கள். மாணவர்கள் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறகுதான் அந்தத் தேர்வை ரத்து செய்து நவம்பரோடு சேர்த்தார்கள். மூன்று மாதம் பிள்ளைகள் படித்ததையே திரும்பப் படித்துக்கொண்டு, எந்தத் தேதி உண்மை என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கும் முன்னால் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி. 2009 ஜனவரியில் அந்த மோசடி வெளியே வந்தபோது தன் உறுப்பினர்களைத் தானே திருத்திக்கொள்ளும் என்று இந்த அமைப்பை நம்பினோம். அது போதாது என்று கண்டு, பெரிய கம்பெனிகளின் தணிக்கையாளர்களைக் கண்காணிக்கும் வேலையை 2018 அக்டோபரில் மத்திய அரசு என்.எஃப்.ஆர்.ஏ. என்ற தனி ஆணையத்திடம் கொடுத்தது. பெரிய தணிக்கையாளரைப் பிடிக்க முடியாத கை, ஆர்ட்டிகிளின் ஆயிரம் ரூபாயை மட்டும் மக்கள்தொகை பார்த்து அளந்து கொடுக்கிறது.

இதெல்லாம் ஏன் மாறுவதில்லை என்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. 2024 டிசம்பரில் கவுன்சில் தேர்தல் நடந்தது. வாக்கு உறுப்பினர்களுக்கு. ஆர்ட்டிகிளுக்கு வாக்கு இல்லை. உதவித்தொகையைக் கொடுப்பவர்கள் வாக்காளர்கள், வாங்குபவர்கள் வாக்காளர்கள் இல்லை. இப்படிப்பட்ட தொகுதியில் எந்த வேட்பாளர் உதவித்தொகையைப் பற்றிப் பேசுவார்?

2025 பிப்ரவரியில் புதிய கவுன்சில் பொறுப்பேற்றது. அட்டவணையை எடுத்து மேசையில் வைத்து, மூன்று பிரிவுகள் வேண்டுமா என்று முதலில் யோசிக்கட்டும். 2011 எண்களை விட்டுவிட்டு விலைவாசியைப் பார்க்கட்டும். சேலம், நாமக்கல், ஈரோடு போன்ற ஊர்களின் ஆடிட்டர்களையும் ஆர்ட்டிகிள் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கேட்கட்டும். எவ்வளவு கொடுப்பது நியாயம், சிறிய ஆபீஸ்கள் அதை எப்படித் தாங்கும், இன்ஸ்டிடியூட்டின் நிதியில் இருந்து ஒரு பங்கு தர முடியுமா என்பதெல்லாம் அவர்கள் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது. கணக்குதான் அவர்கள் தொழில்.

மக்கள்தொகைதான் நியாயம் என்று இன்னும் சொல்வார்களானால், இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் தரட்டும்: நாமக்கல்லில் இருந்து ஒரு பிள்ளை ஃபைனலுக்கு 22,000-இல் பாதியைக் கட்டி, தன் ஊரின் 2011 எண்ணிக்கையை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பினால், வாங்கிக்கொள்வார்களா?