எது மெய்ச்சமயம்? ஆக்ரா வழக்கும் நம் வீட்டு வழக்கும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் பிற ஆலைகளிலும் நம் பங்குப் பிள்ளைகள் பலர் வேலை செய்கின்றனர். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை நிலையங்களில் மின்வண்டி ஏறுவோரும், பழவேற்காட்டுப் பக்கமிருந்து பேருந்தில் வருவோரும் அங்கே ஒரே கூரையின்கீழ்க் கூடுகின்றனர். உணவு இடைவேளையில் கத்தோலிக்க இளைஞனும் இஸ்லாமிய இளைஞனும் ஒருவர் தூக்கிலிருந்து மற்றவர் எடுத்து உண்பது நல்ல காட்சியே. ஆனால் அந்த நட்பின் நடுவே ஒரு கேள்வி வந்து விழுகிறது. "உங்கள் வேதம் மனிதர் கைபட்டு மாறிப்போயிற்று, மாறாத வேதம் எங்களிடம் இருக்கிறது. பிறகு நீ ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறாய்?" கேட்பவன் பகையால் கேட்பதில்லை. நண்பன்மேல் உள்ள அக்கறையாலேயே பெரும்பாலும் கேட்கிறான். கைப்பேசியில் அதற்குரிய சொற்பொழிவையும் காட்டிவிடுகிறான்.

நம் பிள்ளை வாயடைத்து வீடு திரும்புகிறான். தந்தையிடம் கேட்டால், "அவர்களோடு சேராதே" என்ற அதட்டல் கிடைக்கிறது. தாயிடம் கேட்டால், "எல்லாச் சமயமும் ஒன்றுதான், போய்ச் சாப்பிடு" என்ற சமாதானம் கிடைக்கிறது. இரண்டும் விடையாகா. முன்னது நண்பனை இழக்கச் செய்கிறது. பின்னதோ கேட்ட இருவரையுமே இழிவுசெய்கிறது, இரு சமயத்தாரும் தம் மறை உண்மையென்று நம்பியே உயிர் வாழ்கின்றனர், உயிரும் விட்டிருக்கின்றனர்.

இவ்விரு சமயங்களும் நம் கரையில் அண்டை வீட்டாராகி ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. பழவேற்காட்டு மகிமை மாதா ஆலயம் 1515-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லிவருகிறது. அதற்கு முன்பே அங்கு இஸ்லாமிய வணிகர் குடியிருந்தனர். (இன்றும் நம் வீட்டு ஆண்கள் உடுத்தும் பாளையக்காட்டுக் கைலி அவ்வூரின் பெயரையே தாங்கியிருக்கிறது, எத்தனை பேர் அறிவோம்?) போர்த்துக்கீசியர் வந்தபின் கடலில் மோதல் உண்டாயிற்று. ஆனால் அது துணிக்கும் மிளகுக்கும் நடந்த மோதல், திரித்துவத்திற்காக அன்று. தெற்கே முத்துக்குளித்துறையிலும் அவ்வாறே. 1536, 1537-ஆம் ஆண்டுகளில் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றதை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆயினும் முத்துச் சலாபத்தை முன்னிட்டு இஸ்லாமியரோடு மூண்டிருந்த பூசலில் போர்த்துக்கீசியக் காவல் கிட்டும் என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே எது மெய்ச்சமயம் என்று யாரும் உட்கார்ந்து வழக்காடவில்லை. புனித சவேரியார் 1542-இல் வந்த பின்னரே அம்மக்களுக்கு மறைக்கல்வி ஒழுங்காகக் கிடைத்தது.

உட்கார்ந்து வழக்காடியது வடக்கே. 1580 பிப்ரவரியில் அக்பர் பேரரசரின் அழைப்பை ஏற்றுப் பதேப்பூர் சிக்ரிக்குச் சென்ற சேசுசபைக் குருக்களான ருடால்ஃப் அக்குவாவீவாவும் அந்தோனி மொன்செராத்தேயும் அரசவை உலமாக்களோடு இரவுகளில் வாதாடினர். ஒரு கட்டத்தில், குரு நற்செய்தி நூலையும் மௌலவி குர்ஆனையும் ஏந்தித் தீயில் இறங்கட்டும், பிழைத்தவர் சமயமே மெய் என்று ஒரு யோசனை எழுந்தது. குருக்கள் மறுத்தனர். கடவுளைச் சோதித்தல் ஆகாது என்றனர். அச்சத்தால் மறுத்தார்கள் என்று எண்ணுவார் இருப்பின், அதே அக்குவாவீவா மூன்றே ஆண்டில், 1583 சூலை 25-இல், கோவாவின் குங்கோலிமில் மறைக்காக உயிர் நீத்ததை நினைவுகூர வேண்டுகிறோம்.

இதைவிட நம் கேள்விக்கு நெருங்கியது 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய இரு நாள்களில் ஆக்ராவில் நடந்த வாதம். ஒரு பக்கம் கார்ல் பாண்டர் என்ற செர்மானியர். அவர் நம் சபையார் அல்லர், புராட்டஸ்டாண்டு மறைப்பணியாளர். இஸ்லாத்தை மறுத்து அவர் எழுதிய 'மீசான் அல்-ஹக்' பல மொழிகளில் பரவியிருந்தது. மறுபக்கம் கைரானா ஊரைச் சேர்ந்த மௌலானா ரஹ்மத்துல்லா. அவருக்குத் துணையாக ஆக்ராவில் மருத்துவராயிருந்த வசீர் கான். வேத நூல்கள் நீக்கம் பெற்றனவா, அவை மாற்றப்பட்டனவா, திரித்துவம், முகமது நபியின் தூதுத்துவம், குர்ஆன் என ஐந்து பொருள்களைப் பற்றிப் பேசுவதாக உடன்பாடு.

பாண்டர் பழைய முறை வாதத்தை எதிர்பார்த்து வந்தார். வசீர் கானோ ஐரோப்பிய அறிஞர்களே எழுதிய விவிலிய ஆய்வு நூல்களை மேசைமேல் வைத்தார்! கையெழுத்துப் படிகளுக்குள் வேறுபாடுகள் உண்டென்று உங்கள் அறிஞர்களே எழுதியிருக்கிறார்களே என்றார். பாண்டர் நேர்மையாளர், ஏழெட்டு இடங்களில் உண்டு என்று ஒப்புக்கொண்டார். அவற்றுள் யோவானின் முதல் திருமுகம் 5:7-இல் விண்ணகச் சாட்சிகள் மூவரைப் பற்றி வரும் பகுதியும் ஒன்று. ஆனால் இவற்றால் கொள்கை எதுவும் மாறவில்லை என்றார். ஓரிடம் மாறியிருந்தாலும் முழு நூலும் சான்றாகாது என்றார் மௌலானா. இரண்டாம் நாளோடு வாதம் நின்றுபோயிற்று. இரு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொண்டன. 1857 கிளர்ச்சியின் பின் ரஹ்மத்துல்லா மெக்காவுக்குத் தப்பிச் சென்றார். அவர் அரபியில் எழுதிய 'இழ்ஹார் அல்-ஹக்' 1864-இல் இஸ்தான்புல்லில் அச்சேறியது.

அந்நூலின் பின்கதையே நமக்கு வேண்டியது. 1930-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், ஆடம்ஸ் மிஷன் என்ற மறைப்பணிக் கல்லூரிக்கு அருகே ஓர் இஸ்லாமியர் கடை இருந்தது. சூரத்துப் பக்கத்திலிருந்து குடியேறிய அகமது தீதாத் என்ற இளைஞர் அங்கே விற்பனையாளர். கல்லூரி மாணவர்கள் பொருள் வாங்க வரும்போதெல்லாம் கடைப் பணியாளர்களின் சமயத்தை இகழ்ந்து பேசினர். விடை சொல்லத் தெரியாமல் தவித்த அவ்விளைஞரின் கையில் ரஹ்மத்துல்லாவின் நூல் கிடைத்தது. அதைக் கற்று வளர்ந்தவரே பின்னாளில் உலகெங்கும் மேடையேறினார், 1986-இல் அமெரிக்காவின் லூயிசியானாவில் சிம்மி சுவாகர்ட் என்ற போதகரோடு வாதிட்டார், 2005-இல் மறைந்தார். அவருடைய பேச்சும், அவரைப் பின்பற்றியவர் பேச்சும் ஒலிநாடாவாய், ஒளிநாடாவாய், இன்று கைப்பேசிக் காட்சியாய் நம் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆக, நம் பிள்ளை எதிர்கொள்ளும் கேள்வியைத் தீட்டிக் கூராக்கியவர்களுள் வரம்பு மீறிப் பேசிய கிறிஸ்தவ மாணவர்களும் உண்டு. நபியைப் பழித்துப் பேசினால் சமயத்திற்குத் தொண்டு செய்ததாக எண்ணுவோர் இன்றும் நம்மிடையே இருப்பதால் இதைச் சற்று விரித்து எழுதினோம்.

இனி விடைக்கு வருவோம். படிகளில் வேறுபாடு உண்டா? உண்டு. மாற்கு நற்செய்தியின் இறுதிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரண்டு பெரும் படிகளில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சியும் அவற்றில் இல்லை. இவ்விரு பகுதிகளையும் திருச்சபை மறைநூலாகவே ஏற்றுப் போற்றுகிறது; ஆனால் படிகளின் நிலையை அறிஞர்கள் மறைப்பதில்லை. மேற்சொன்ன யோவான் திருமுகப் பகுதியை 1979-இல் வெளியான புதிய இலத்தீன் விவிலியம் விட்டே விட்டது. ஒளிக்க எதுவுமில்லை. ஒரு நிலப்பத்திரத்திற்கு நூறு நகல்கள் நூறு ஊர்களில் இருக்குமானால், ஓர் எழுத்தன் செய்த பிழையை மற்ற நகல்களே காட்டிக்கொடுக்கும். பிழை தெரிகிறது என்பதே சரியான வாசகமும் தெரிகிறது என்பதற்கு அடையாளம்.

இன்னொன்றும் உண்டு. வத்திக்கான் படியும் சீனாய்ப் படியும் நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. நபிகள் பிறந்ததோ ஆறாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 570-இல். அவர் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய அப்படிகளில் இயேசுவின் சிலுவைச் சாவும், உயிர்ப்பும், இறைமகன் என்ற அறிக்கையும் இன்று நாம் வாசிப்பது போலவே உள்ளன. எனவே நற்செய்தியின் சாரம் பின்னர் மாற்றப்பட்டது என்று சொல்ல இடமில்லை. பாண்டருக்கு இச்சான்று கிடைத்திருக்கவில்லை. சீனாய்ப் படியின் பெரும்பகுதி அறிஞர் கைக்கு வந்தது 1859-இல், ஆக்ரா வாதத்திற்கு ஐந்தாண்டு கழித்து. இஸ்லாமிய ஆட்சியின்கீழ்ப் பன்னிரண்டு நூற்றாண்டு அழியாமல் நின்ற புனித கத்தரீன் மடத்திலிருந்தே அது கிடைத்தது என்பதையும் நம் பிள்ளை தன் நண்பனிடம் நன்றியோடு சொல்லலாம்.

ஆனால் பாண்டர் இடறியது சான்று இல்லாமையால் மட்டுமன்று. குர்ஆன் தங்களுக்கு எப்படியோ அப்படியே விவிலியம் நமக்கு என்று எதிர்த்தரப்பார் கொண்டதை அவர் தடுக்கவில்லை. இஸ்லாமியருக்குக் குர்ஆன் சொல்லுக்குச் சொல் இறைவனிடமிருந்து இறங்கியது. நமக்கோ இறைவனிடமிருந்து இறங்கிய வார்த்தை ஒரு நூலன்று, ஓர் ஆள், மரியாவிடம் மனிதரானவர். விவிலியம் அவருக்குச் சாட்சி. தூய ஆவியால் ஏவப்பட்ட மனிதர், தம் மொழியிலும் தம் நடையிலும், உண்மை ஆசிரியர்களாகவே எழுதினர் என்று 1965 நவம்பர் 18-இல் வெளியான இறைவெளிப்பாடு பற்றிய சங்க ஏடு தெளிவாகக் கற்பிக்கிறது. நான்கு நற்செய்திகள் நான்கு விதமாகச் சொல்வது நமக்கு இடறலாகாததன் காரணம் இதுவே. குர்ஆனையும் நற்செய்தியையும் ஒப்பிடுவோர், குர்ஆனையும் கிறிஸ்துவையும் ஒப்பிட்டால்தான் ஒப்புமை சரியாகும்.

இப்போது "எல்லாம் ஒன்றுதான்" என்ற தாயின் சமாதானத்திற்கு வருவோம். குர்ஆன் இயேசுவை மெசியா என்று அழைக்கிறது. கன்னி பெற்றவர் என்கிறது. அதன் ஓர் அதிகாரம் மரியாவின் பெயரையே தாங்கியது. அந்நூலில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண் அவர்தாம். வேளாங்கண்ணியில் இஸ்லாமியத் தாய்மார் மண்டியிடுவதை நாம் காண்கிறோம். ஆயினும் நான்காம் அதிகாரத்தில், இயேசு சிலுவையில் அறையப்படவில்லை என்று குர்ஆன் சொல்கிறது. நாமோ பெரிய வெள்ளியன்று அச்சிலுவையை முத்தமிடுகிறோம். இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது. சிலுவைச் சாவு நம்மவர் மட்டும் சொல்வதன்று. போந்தியு பிலாத்துவின்கீழ்க் கிறிஸ்து கொல்லப்பட்டதை, நம்மை வெறுத்த உரோமை வரலாற்றாசிரியர் தாசித்து இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார்.

இவ்வேறுபாட்டை அறிந்தே திருச்சபை பேசுகிறது. 1965 அக்டோபர் 28-இல், 88 பேர் மறுக்க 2,221 சங்கத் தந்தையர் ஏற்றுக்கொண்ட ஏடு, ஒரே கடவுளை வழிபடும் இஸ்லாமியரைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்றும், பழைய பகைகளை மறந்து இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயலவேண்டும் என்றும் சொல்லிற்று. அதே சங்கம், மீட்பு கிறிஸ்துவிலேயே என்பதில் எள்ளளவும் இறங்கவில்லை. 2019 பிப்ரவரி 4-இல் அபுதாபியில் திருத்தந்தை பிரான்சிசும் அல்-அசார் தலைமை இமாம் அகமது அல்-தய்யிபும் மனித உடன்பிறப்பு நிலை பற்றிய ஏட்டில் சேர்ந்து கையொப்பமிட்டபோதும், அவர் குர்ஆனை ஏற்கவில்லை, இவர் சிலுவையை ஏற்கவில்லை. உண்மையை யார்மீதும் வலிந்து சுமத்தலாகாது என்பது மட்டும் இருவருக்கும் உடன்பாடாயிற்று. ஆலையில் ஒரே தட்டில் உண்ணும் இருவருக்கும் அவ்வளவு இடம் போதும்.

ஆக்ராவில் மூன்றாம் நாள் வரவேயில்லை. ஆதலால் திரித்துவம் பற்றிய வழக்கு அங்கே எடுக்கப்படாமலே போயிற்று. "கடவுள் ஒருவரா, மூவரா?" என்று நண்பன் அடுத்துக் கேட்கப்போவது அதுவே. அதை வரும் திங்கள் எடுத்துக்கொள்வோம். அதற்குள் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை உட்காரவைத்து, இதுவரை அவர்களிடம் கேட்கப்பட்டவை எவை என்று பொறுமையாகக் கேட்டு எழுதியனுப்பினால் நமக்கு உதவியாயிருக்கும்.