காத்துக் கிடக்க யாரால் முடியும்?

வேலைக்கு ஆள் வேண்டுமென்று விளம்பரம் செய்கிறவர்கள், விண்ணப்பம் வாங்கி, பரீக்ஷை வைத்து, நேரில் கூப்பிட்டுக் கேள்வியும் கேட்டுவிட்டு, பிறகு ஆறு மாதம் எட்டு மாதம் வாய் திறவாமல் இருப்பதை ஏதோ பெரிய ஜாக்கிரதையான காரியம் போலப் பேசி வருகிறார்கள். சர்க்காரும் இதைச் செய்கிறது. பெரிய கம்பெனிக்காரர்களும் செய்கிறார்கள். கேட்டால், “தகுதியுள்ளவர்களைப் பொறுக்கி எடுக்க வேண்டாமா?” என்கிறார்கள். பொறுக்கி எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தத் தாமதமானது யாரைப் பொறுக்கி எடுக்கின்றது, யாரைத் தள்ளுகின்றது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டாமா என்றுதான் நாம் கேட்கின்றோம்.

எப்படி எனில், தாமதமும் ஒரு பரீக்ஷையேயாகும். அதில் கேள்வி ஒன்றே ஒன்று. “சம்பளமில்லாமல் எத்தனை மாதம் உன்னால் சாப்பிட முடியும்?” என்பதுதான் அது. இதில் தேறுகிறவன் யார்? தகப்பனுக்குப் பென்ஷன் வருகிறவன், பட்டணத்தில் சொந்த வீடு இருக்கிறவன், “அவசரமில்லை, இன்னும் ஒரு வருஷம் படி” என்று சொல்ல வீட்டில் ஆள் உள்ளவன். தவறிப் போகிறவன் யார்? களை பறித்தும் கல் உடைத்தும் படிக்க வைக்கப்பட்ட பிள்ளை. அவன் நான்கு மாதம் பார்ப்பான். ஐந்தாவது மாதம் கடன்காரன் வாசலில் நின்றால் கிடைத்த கூலிக்குப் போய்விடுவான். பெண்ணாயிருந்தாலோ சொல்லவே வேண்டியதில்லை. முடிவு வருமுன் மாப்பிள்ளை வந்துவிடுகிறான். “வராத வேலைக்காக வந்த சம்பந்தத்தை விடுவதா?” என்று வீட்டார் கேட்டால் அவள் என்ன பதில் சொல்ல முடியும்? கையில் உத்தரவு இருந்தால் அதைக் காட்டலாம். காத்திருக்கிறேன் என்பதை எப்படிக் காட்டுவது?

நமது மாகாணத்து நடப்பையே எடுத்துக் கொள்ளுவோம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தார் நடத்திய நான்காம் தொகுதிப் பரீக்ஷை 2022-ம் வருஷம் ஜூலை 24-ந் தேதி நடந்தது. எழுதினவர்கள் 18 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். முடிவு வெளியானது 2023 மார்ச்சு 24-ந் தேதி. சரியாக எட்டு மாதம்! கட்டுரை எழுதி வாத்தியார் திருத்தும் பரீக்ஷையாயிருந்தாலும் சமாதானம் சொல்லலாம். இதுவோ வட்டத்தைக் கருப்படிக்கும் தாள், யந்திரம் படிப்பது. இதே நாட்டில் 2024 பொதுத் தேர்தலில் 64 கோடி பேர் போட்ட ஓட்டை ஜூன் 4-ந் தேதி ஒரே நாளில் எண்ணி முடித்தார்கள். மந்திரியாக வேண்டியவர்களுக்கு ஒரு நாள், குமாஸ்தாவாக வேண்டியவர்களுக்கு எட்டு மாதம் என்றால், யாருடைய நேரத்துக்கு இந்நாட்டில் விலையுண்டு என்பது தெரியவில்லையா?

மனம் வைத்தால் குறைக்க முடியும் என்பதற்கு அதே ஆணையமே சாட்சி. 2024 ஜூன் 9-ந் தேதி நடந்த அதே பரீக்ஷைக்கு அக்டோபர் 28-ந் தேதி முடிவு சொல்லிவிட்டார்கள். அப்போதும் எழுதினவர்கள் 15 லட்சத்துக்கு மேல்.

ரயில்வேக்காரர்களின் கதை இதைவிட மோசம். 2019 பிப்ரவரியில் 35 ஆயிரத்துச் சொச்சம் இடங்களுக்கு விளம்பரம் செய்தார்கள். 1 கோடியே 25 லட்சம் பேர் விண்ணப்பம் போட்டார்கள். முதல் பரீக்ஷை தொடங்கியது 2020 டிசம்பர் கடைசியில். அதன் முடிவு வந்தது 2022 ஜனவரியில். கொரோனாவின் தலையில் பழியைப் போடுவார்கள். அந்த நோய் காரணமாக நாடு அடைக்கப்பட்டது 2020 மார்ச்சில் அல்லவா? அதற்கு முன்பே ஒரு வருஷத்துக்கு மேல் கழிந்துவிட்டதே, அதற்கு எந்த நோய் காரணம்? மூன்று வருஷம் காத்தவர்கள், வந்த முடிவும் சரியில்லை என்று கண்டவுடன், பீகாரில் ரயிலை மறித்தார்கள். கயாவில் ரயில் பெட்டிக்கு நெருப்பும் வைக்கப்பட்டது. நெருப்பு வைத்தது சரியென்று நாம் சொல்ல வரவில்லை. மூன்று வருஷம் விறகடுக்கினவர்கள் யார் என்று மாத்திரம் கேட்கின்றோம்.

“அவசரப்பட்டால் மோசடிக்கு இடமாகும்” என்பார் சிலர். 2019-ல் நான்காம் தொகுதிப் பரீக்ஷையில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த மோசடியையும், 99 பேருக்கு ஆயுள் முழுதும் தடை விதிக்கப்பட்டதையும் எடுத்துக் காட்டுவார்கள். நல்லது. அந்த மோசடி எதனால் நடந்தது? மறைந்து போகும் மையினாலும், வழியில் விடைத்தாளில் கை வைத்ததினாலும் நடந்தது. சீக்கிரம் முடிவு சொன்னதினால் நடக்கவில்லை. தாளைக் காவல் காப்பது வேறு, ஆளைக் காக்க வைப்பது வேறு. சொல்லப் போனால், “உன் பெயர் பட்டியலில் வரும்படி செய்கிறேன், பணம் எடு” என்று தரகன் வலை வீசுவது பரீக்ஷைக்கும் முடிவுக்கும் நடுவிலுள்ள காலத்தில்தான். ஜோசியனுக்கும் அதுவே அறுவடைக் காலம். “சனி விலகட்டும், உத்தரவு வரும்” என்று சொல்லி அவன் வாங்கும் தக்ஷிணை, முடிவுத் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவனுக்குக் கிடைக்குமா?

இதனால் பரீக்ஷையே வேண்டாம் என்கிறோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேலதிகாரி தன் மருமகனையும் மைத்துனனையும் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்த காலம் ஒன்றிருந்தது. அதை ஒழிக்கத்தான் பனகல் ராஜா மந்திரிசபை 1924-ல் ஆள் தேர்ந்தெடுக்கும் போர்டு ஏற்படுத்திற்று. அதுவே 1929-ல் சட்டப்படி சென்னை சர்வீஸ் கமிஷனாயிற்று. எல்லோருக்கும் திறந்த அந்த வாசலில், வருகிறவன் பட்டினி கிடந்து மெலிந்த பிறகுதான் உள்ளே விடுவேன் என்பது என்ன நியாயம் என்பதே நமது கேள்வி.

நிற்க, தனி முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஏழையின் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம். உங்கள் லாப நஷ்டக் கணக்கையே பாருங்கள். கெட்டிக்காரனை இரண்டு மூன்று இடத்தில் கூப்பிடுவார்கள். முதலில் உத்தரவு கொடுத்தவனிடம் அவன் போய்ச் சேருவான். நீங்கள் ஐந்து தடவை கூப்பிட்டுக் கேள்வி கேட்டு முடிக்கும்போது மீதியிருப்பவர்களில் நல்லவர்கள் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் முதலில் விரும்பினவன் இருக்கமாட்டான். காலி இடத்தின் வேலையோ மற்றவர்கள் முதுகில் ஏறுகிறது. அவர்களில் ஒருவன் சலித்து விலகினால் இப்போது இரண்டு இடம் காலி. கிராமத்தில் பார்க்கவில்லையா? ஒரு கிராம நிர்வாக அலுவலர் பக்கத்துக் கிராமத்தையும் ‘கூடுதல் பொறுப்பு’ என்று சுமந்துகொண்டிருக்க, வருமானச் சான்றுக்கு வந்தவன் பூட்டின கதவைப் பார்த்துத் திரும்புகிறான்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல்காரர் வேண்டுமானால் என்ன செய்கிறார்கள்? மிஷினில் உட்கார வைத்துத் தைத்துக் காட்டச் சொல்லுகிறார்கள். தையல் நேராயிருந்தால் வேலை, கோணலாயிருந்தால் இல்லை. பட்டம் படித்தவனிடமும் அவன் செய்ய வேண்டிய வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு என்ன தடை? அமெரிக்காவில் 2010-ல் ஜனாதிபதி ஒபாமா, சர்க்கார் வேலைக்கு நீண்ட கட்டுரை எழுதச் சொல்லும் வழக்கத்தை நிறுத்தும்படி உத்தரவிட்டார். 80 நாளில் ஆளை எடுக்க வேண்டுமென்று அந்த சர்க்கார் கணக்கும் வைத்தது. அது முழுதும் நிறைவேறவில்லை. 2018-ல் சராசரி 98 நாளாயிற்று. ஆனாலும் அங்கே நாளை எண்ணிச் சொல்லுகிறார்கள். இங்கே எண்ணுகிறவன் காத்திருப்பவன் மட்டுமே.

ஆகவே சர்க்காரும் முதலாளிமார்களும் விளம்பரத்திலேயே முடிவு சொல்லும் தேதியையும் சேர்த்து அச்சடிக்க வேண்டும். தேதி தவறினால் காரணத்தையும் புதுத் தேதியையும் அன்றே வெளியிட வேண்டும். தள்ளப்பட்டவர்களுக்கும் “உமக்கு இல்லை” என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். கைபேசிக் காலத்தில் அதற்குத் தபால் செலவுகூடக் கிடையாது. அந்த ஒரு வரி இன்றைக்கு ராத்திரி வந்து சேர்ந்தால், நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவன் வேறு வேலை தேடிப் புறப்பட்டுவிடுவான்.